மடவளையில் ஒரு பிரஷர் விருந்து

போன வாரம் என் வீட்டுக்காரர் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வந்தார். "நீ கத்துற கத்துக்கு வீட்ல ஒண்ணு இருக்கிறது நல்லது" என்றார். கத்தவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். கையில் சுற்றுகிற பட்டியைப் பிரித்தபோது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், குண்டசாலை வீட்டின் சாப்பாட்டு மேசையில் எனக்குக் கறுவா வாசமும் மிளகு வாசமும் வந்துவிட்டன. வீட்டுக்காரரிடம் சொன்னால் அதற்கும் ஒரு மெஷின் வாங்குவார் என்று பயந்து சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருகிற வரைக்கும் வீட்டில் சும்மா கிடந்த காலம் அது. அப்பா மாநகர சபையில் கிளார்க். என் இங்கிலீஷைப் பற்றி ஊர் முழுக்கப் பீற்றி வைத்திருந்தார். உண்மையில் என்னுடையது பள்ளிக்கூட விவாதப் போட்டி இங்கிலீஷ். 'மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே' என்று ஆரம்பித்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். மூட்டு வலிக்கு என்ன சொல்வது என்று கேட்டால் என் முட்டியைத் தொட்டுக் காட்டுவேன். இந்த மூலதனத்தோடுதான் எனக்கு முதல் வேலை கிடைத்தது.

அப்போதெல்லாம் வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் லீவுக்குக் கூட்டமாக வருவார்கள். கண்டியில் தங்கி, சுற்றுவட்டாரத்துக்குப் போய்ச் சுகாதார சேவை செய்வார்கள். கை கழுவச் சொல்லிக்கொடுப்பது, நிறை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது. மருந்து கொடுக்கக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது. இதற்கு அவர்கள் கல்லூரியில் மார்க்ஸ் உண்டு. வைத்தியம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு இது முதல் படி. நான் மொழிபெயர்ப்பாளர். அதாவது, அவர்கள் பத்து நிமிஷம் விளக்குவதை "கையைக் கழுவணுமாம்" என்று சொல்லி முடிப்பவள்.

அந்தக் கூட்டத்தில் க்ளாரா என்று ஒரு பெண். பயந்த சுபாவம். தும்மிவிட்டுக்கூட மன்னிப்புக் கேட்பாள். அவளுக்குப் பிரஷர் பார்க்க வரவில்லை. காதில் குழாயை மாட்டி, பந்தை அமுக்கிக் காற்றடித்து, துடிப்பு எப்போது கேட்கிறது, எப்போது நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். க்ளாரா காற்றை அடித்துவிட்டு இறக்க மறந்துவிடுவாள். எதிரில் இருப்பவரின் விரல் நீலமாகும். அவள் முகம் அதைவிட நீலமாகும். கூட வந்த ஆசிரியை மார்கரெட் மிஸ் ஒரு பழைய தாதி. கண்டிப்பு என்றால் அப்படிக் கண்டிப்பு. மடவளைக்குப் போன கடைசி நாள் காலையில், வேனில் வைத்தே சொல்லிவிட்டார்: "இன்றைக்கும் சரியாகச் செய்யாவிட்டால் இனி நீ போஸ்டர் மட்டும் வரைந்தால் போதும். ஊருக்குப் போனதும் வேறு படிப்பைப் பற்றி யோசி." க்ளாரா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும் வரைக்கும் அழுதாள்.

மடவளையில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் நஸீர் நானா. கீழே மசாலாச் சரக்குக் கடை, மேலே கூட்டம் நடத்த ஒரு ஹோல், பின்னால் வீடு. நானாவுக்கு வாய் ஓயாது. வருகிறவனை விசாரிப்பார், போகிறவனைக் கூப்பிட்டு விசாரிப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளி எதைக் கேட்டாலும் அவர் வாயில் 'இல்லை' வராது என்று ஊரே சொல்லும். கீழே மிளகு புடைத்தால் மேலே எல்லாரும் தும்முவோம்.

முதல் நிகழ்ச்சி கை கழுவுதல். ஜோஷ் என்ற நெட்டைப் பையன் பெரிய படமெல்லாம் மாட்டி, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று வியர்க்க வியர்க்க விளக்கினான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்கிறவர்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. அந்த மரியாதையை நான் எங்கேயும் கண்டதில்லை. "யாராவது செய்து காட்ட முடியுமா?" என்று ஜோஷ் கேட்டான். அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஒரு பெரியவர், நேரம் மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து வந்து சட்டைக் கையை மடித்தார். கை கழுவினார். வாய் கொப்பளித்தார். மூக்குக்குத் தண்ணீர் விட்டார். முகம், முழங்கை வரைக்கும் கை, தலை, காது, கடைசியில் கால். எல்லாம் முடித்து ஸலாம் சொல்லிவிட்டு நேரே பள்ளிக்குப் போய்விட்டார்.

ஜோஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாடத்தை எவ்வளவு ஆழமாக உள்வாங்கியிருக்கிறார், பார்!" என்றான். நானா என் காதருகே குனிந்தார். "நல்ல விசயத்த எத்தின தரம் கேட்டாலும் நன்மதான் புள்ள."

அடுத்தது பிரஷர். கதிரைகள் போட்டாயிற்று, மேசை போட்டாயிற்று. ஆள் இல்லை. எப்படி வரும்? இந்தப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி இல்லாத ஊரைத் தேடி வந்தவர்கள். மடவளையில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு டிஸ்பென்சரியில்தான் விழும். நோய் நொடி உள்ள வருத்தக்காரர் எல்லாரிடமும் கிளினிக் கொப்பி இருந்தது. க்ளாரா வெற்றுக் கதிரைக்கு எதிரே, குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்கரெட் மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் பின்னால் குசினிக்குப் போனேன். நானாவின் மனைவி மர்லியா ராத்தா ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"ராத்தா, யாருமே வரலைன்னா அந்தப் பொண்ணு பெயிலாயிடும். டாக்டராகுற கனவே போயிடும்."

ராத்தா அடுப்பை அணைத்தார். "அல்லாவே! நம்ம வீட்டுக்கு வந்த புள்ள வெறுங்கையோட போறதா?" கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! கொஞ்ச நேரத்தில் படி கொள்ளாமல் சனம். சாச்சிமார், மாமிமார், பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, அலவத்துகொடையிலிருந்து கல்யாண வீட்டுக்கு வந்திருந்த சொந்தம். எல்லாருக்கும் வருத்தம். படியில் வைத்தே பங்கு பிரித்தார்கள்.

"முழங்கால் நான் எடுத்திட்டன். நீங்க இடுப்பச் சொல்லுங்க."

"இடுப்ப ரிஸ்வானா எடுத்திட்டாளே!"

"அப்ப தலச்சுத்து. லேசா ஆடிக்கிட்டுப் போங்க."

ஒரு மாமா நேரே க்ளாராவின் முன்னால் வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "எனக்கு எல்லாம் ஈக்கு. அவங்களுக்கு எது வேணும்?" உண்மையாகவே பிரஷர் உள்ள ஒரு சாச்சிக்குத்தான் பெரிய சங்கடம். "மருந்து குடிச்சுச் சரியாகிட்டுதே மகள், பரவாயில்லையா?" என்று தலை குனிந்தார்.

முதல் கை ராத்தாவுடையது. க்ளாரா பந்தை அமுக்கத் தயங்கினாள். "ஊதுங்க மகள், பயப்படாம ஊதுங்க. கை என்டதானே" என்றார் ராத்தா. அளந்து முடிந்ததும், சோறு போடுகிற பாவனையில் கேட்டார்: "போதுமா மகள்? மத்தக் கையும் தரவா?" அடுத்தவரும் அப்படியே கேட்டார். வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். போதுமா மகள்? இன்னும் கொஞ்சம் பாருங்க மகள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மடவளைக்காரர் இரண்டையும் ஒரே பின்னேரத்தில் முடித்தார்கள்.

அளக்கும்போது பேசினால் பிரஷர் ஏறிக் காட்டும். ஆகவே என் முழு வேலையும் "உஷ்" சொல்வதுதான். கீழே மிளகு, மேலே தும்மல், நடுவில் என் உஷ். இந்தக் கூத்துக்குள்ளே க்ளாராவுக்குப் பயம் எப்போது விட்டது என்று எனக்கே தெரியாது. பார்த்தால், காற்றை நிதானமாக இறக்குகிறாள். சிரிக்கிறாள். ரோல்ஸ் கூடச் சாப்பிட்டாள். மார்கரெட் மிஸ் சரிபார்த்த இடமெல்லாம் சரியாக இருந்தது.

கடைசியில் கையே மிச்சமில்லை, நானாவின் கையைத் தவிர. "எனக்கு என்னத்துக்கு? நான் கல்லு மாதிரி ஈக்கிறன்" என்று மழுப்பினார். சாச்சிமார் பிடித்துத் தள்ளிக் கதிரையில் இருத்தினார்கள். க்ளாரா பட்டியைச் சுற்றினாள். காற்றை இறக்கினாள். முகம் மாறியது. மறுபடி அடித்தாள். மற்றக் கையிலும் பார்த்தாள். பிறகு மார்கரெட் மிஸ்ஸிடம் ஒரு கணக்கைச் சொன்னாள். எனக்கே அது பெரிதாகப் பட்டது.

"பிழையாகக் கேட்டிருப்பாய். அவர் பேசிக்கொண்டிருந்திருப்பார்" என்றார் மிஸ்.

"இல்லை," என்றாள் க்ளாரா. அந்தப் பெண் 'இல்லை' சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இன்றைக்கு முழுவதும் அவர் பேசாமல் இருந்தது இப்போதுதான்."

உண்மைதான். நானா வாய் மூடி இருந்தார். மிஸ் தானே குழாயை வாங்கி மாட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அவள் சொன்னது சரி. இவர் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."

நான் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு ஒரு சொல்லையும் சுருக்கவில்லை.

"மெசின் பழுது," என்றார் நானா. "நாளைக்குப் பாப்பம். கடைய யாரு பாக்குற?"

ராத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. "காலையில தலயிடின்னு சொன்னீங்களே! கிளினிக்கில தந்த குளிசையெல்லாம் அலுமாரிக்குள்ள அப்பிடியே கிடக்குது." அப்புறம் எங்களைப் பார்த்து உடைந்து அழுதார். "நாங்க எல்லாரும் பொய்க்கு வருத்தக்காரர். உண்மையான வருத்தக்காரன் இந்த மனுசன்தான்."

யார் சொல்லியும் நானா அசையவில்லை. அப்போது க்ளாரா எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். பிள்ளைகளை வேனில் ஏற்றுவதற்காக நான் தினமும் கத்துவதைக் கேட்டு அவள் கற்றிருந்த தமிழ் இரண்டே சொல். கையை நீட்டிச் சொன்னாள்:

"நானா, வாங்க. போறோம்."

விருந்தாளி கேட்டுவிட்டாள். நானா ராத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

எங்கள் வேனிலேயே கண்டிக்குப் போனோம். ராத்தா அந்த அழுகைக்குள்ளும் டாக்டர்மாருக்கு ஒரு பெட்டி கட்லட் கட்டி எடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நானாவை உடனே வார்டில் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒரு பக்கம் இழுத்திருக்கும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது மார்கரெட் மிஸ் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "க்ளாரா, நீ போஸ்டர் வரைய வேண்டியதில்லை." அவ்வளவுதான். க்ளாரா அழுதாள், நானும் அழுதேன். ஜோஷ் மிச்ச ரோல்ஸை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

க்ளாரா இப்போது டாக்டர். நானா அதற்குப் பிறகும் நல்ல காலம் இருந்தார். குளிசையை ஒழுங்காகக் குடித்தார், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தார். நான் போகிற போதெல்லாம் ஒரே முறைப்பாடுதான்: "அந்த வெள்ளப் புள்ள என்ட உப்பக் கொண்டு போயிட்டா." போன வருஷம் நோன்பு முடிந்த கையோடு, வயதாகி, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்டதும் க்ளாரா போன் பண்ணி, முதலில் ராத்தாவைத்தான் விசாரித்தாள்.

ராத்தா பேருவளைக்கு மகளோடு போய்விட்டார். அந்த வேன்கள் இப்போது வருவதில்லை. கொரோனாவோடு நின்றது, அப்படியே நின்றுவிட்டது. மேலே இருந்த ஹோல் போன் கடையாகிவிட்டது. கீழே மிளகும் இல்லை, தும்மலும் இல்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பிரஷர் பார்க்க இப்போது ஒருவருக்கும் இன்னொருவர் தேவையில்லை. வீட்டுக்கு வீடு மெஷின்.

என் மெஷின் தானே ஊதி, தானே இறக்கி, ஒரு 'பீப்' போட்டது. கணக்கு அவ்வளவு மோசமில்லை. ராத்தாவின் ஞாபகத்தில் வாய் தன்பாட்டில் மெஷினைக் கேட்டுவிட்டது.

"போதுமா மகள்? மத்தக் கையும் தரவா?"

அது அதற்குள் தானாகவே அணைந்துவிட்டிருந்தது.