அண்டாவுக்குள் என் கணவர்

சில வாரங்களுக்கு முன் எங்கள் கோயிலில் என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு, போர்த்தியவரின் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை என் இலையில் சாம்பார் விழாது.

விஷயம் இதுதான். என் கணவர் சேகருக்குப் போன வருடம் வேலை போனது. ஒரு கப்பல் கம்பெனியின் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்து உழைத்தவர். ஒருநாள் காலையில் கூப்பிட்டு 'ரீஸ்ட்ரக்சரிங்' என்றார்கள். மதியம் ஒரு அட்டைப்பெட்டியோடு பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சோபாதான். கையில் போன் இருக்கும். அதைப் பார்க்கக்கூட மாட்டார். தூக்கம் போச்சு. கேட்டால் 'ஒண்ணுமில்ல'. ஒன்றுமில்லாத மனிதனுக்கு ஏன் கன்னம் ஒட்டிப்போகிறது?

எங்கள் மகள் பவித்ரா பதறிப்போய் ஒரு கோர்ஸுக்குப் பதிந்துவிட்டாள். மன அமைதிக் கோர்ஸ். எங்கே தெரியுமா? தஞ்சோங் பகாரில்! வேலை போன மனிதன் அதே ஸ்டேஷனில் இறங்கி, அதே எஸ்கலேட்டரில் ஏறி, அமைதியைத் தேட வேண்டுமாம். படித்த பிள்ளைகள் யோசிக்கிற அழகு அது.

போய்விட்டு வந்தார்.

"என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

"திராட்சை கொடுத்தாங்க."

"ஜூஸா?"

"காஞ்ச திராட்சை. ஒண்ணே ஒண்ணு. உத்துப் பாக்கணும், மோந்து பாக்கணும், காதுகிட்ட வச்சுக் கேக்கணும். அப்புறம் மெதுவா மெல்லணும்."

"காதுல என்ன கேட்டுச்சு?"

"பக்கத்துல இருந்தவரு வயிறு."

பாயசத்தில் போட வேண்டியதைக் காதில் வைத்துக் கேட்பதற்கு ஏசி அறை, பாய், பின்னணியில் புல்லாங்குழல். பெரிய மனிதர்கள் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த வாரம் அவர் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் அன்னதானம் முடிந்திருந்தது. பாத்திரம் கழுவ வருகிற தொண்டூழியர்களில் பாதிப் பேர் அன்று வரவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் அண்டாக்கள் மலைபோலக் கிடந்தன. அங்கே கோபால் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமையானால் வண்டியை நிறுத்திவிட்டுக் கழுவ வந்துவிடுவார். வாய் மட்டும் நிற்காது.

சாப்பிட்டுவிட்டு ஓரமாக நின்ற என் கணவரைப் பார்த்து ஒரு கத்து கத்தினார்.

"சார், சும்மாதான நிக்கிறீங்க? வாங்க லா! பேண்ட்ட மடிச்சு விடுங்க!"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டில் தன் காப்பி டம்ளரை ஸிங்க்வரைகூடக் கொண்டுபோகாத மனிதர். இவராவது, கழுவுவதாவது...

போனார். பேண்ட்டை மடித்தார். அவருக்கு விழுந்தது சாம்பார் அண்டா. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிது. அதைத் தரையில் சாய்த்து, கம்பி நாரை எடுத்துக்கொண்டு இடுப்புவரை உள்ளே போய்விட்டார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்.

"சார், உள்ள நெட்வொர்க் கிடைக்குதா?" என்றார் கோபால் அண்ணன்.

"கிடைக்கல!" அண்டாவே பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. வேலை போன பிறகு அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர் மறுபடி சோறு கேட்டார். சாப்பிட்டார். படுத்தார். குறட்டை விட்டார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நான் அழுதேன். கிண்டல் செய்ய வேண்டியவர்கள் தாராளமாகச் செய்யுங்கள்.

அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. தேக்கா கடைத்தெருப் பக்கம் போனால் நான் மல்லிகைப்பூ வாங்குவேன், அவர் கம்பி நார் வாங்குவார். அழுத்திப் பார்த்து, இழுத்துப் பார்த்து... என் கல்யாணப் புடவையைக்கூட அவர் இப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒருநாள் கேட்டேன். "உள்ள போயி என்னதான் யோசிப்பீங்க?"

"அடியில ஒட்டியிருக்கிற பருப்ப."

"அப்புறம்?"

"அப்புறம் அது போயிடும்."

அவ்வளவுதான். தத்துவம் ஒன்றும் கிடையாது. அலுவலகத்தில் அவர் ஒரு ஈமெயிலுக்குப் பதில் போட்டால் நான்கு வரும். இத்தனை வருடத்தில் எது முடிந்தது? அண்டா முடியும். கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி அதைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும்தானே கழுவுகிறேன்? எனக்கு ஏன் ஒரு மண்ணாங்கட்டி அமைதியும் வரவில்லை?

யோசித்தேன். என்னை யாரும் முடிக்க விட்டதில்லை. கை நிறைய நுரையோடு நிற்பேன். "அம்மா, சார்ஜர் எங்க?" "அமுதா, யாரோ பெல் அடிக்கிறாங்க பாரு." துடைத்துக்கொண்டு ஓடுவேன், திரும்பி வருவேன், மறுபடி ஓடுவேன். அமைதி பாத்திரத்தில் இல்லை ஐயா! முடிக்கும்வரை யாரும் நம்மைக் கூப்பிடாமல் இருப்பதில் இருக்கிறது. திராட்சைக்காரர்கள் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். சொன்னால் அடுத்த வாரம் யார் வருவார்கள்?

சரி, ஒரு மனிதன் சமையற்கட்டுக்குப் பின்னால் நிம்மதியாக இருந்தால் நம் ஆட்களுக்குப் பொறுக்குமா?

"எப்படி இருந்த மனுஷன்... இப்பப் பாரு, அண்டா கழுவுறாரு." பந்தியில் உச்சுக் கொட்டினார்கள். அது கமிட்டியில் இருக்கும் மகாலிங்கத்தின் காதுக்குப் போனது. மகாலிங்கம் நல்லவர். நல்லவர்கள்தான் ஆபத்து.

"அக்கா, சேகர் சார் படிச்சவரு. அவரப் போயி அங்க விடலாமா? பாக்கிற எங்களுக்கே கூச்சமா இருக்கு லா."

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஒரு வேலையை நன்றாகச் செய்தால், உடனே அந்த வேலையிலிருந்து அவரைத் தூக்கிவிடுவோம். அதற்குப் பெயர் மரியாதை. போர்த்தினார்கள் பொன்னாடை. கழுத்தில் மாட்டினார்கள் டேக்: 'அன்னதான ஒருங்கிணைப்பாளர்'. கையில் கொடுத்தார்கள் மைக். உபயதாரர் பெயர்களை வாசிக்க வேண்டும். கூடவே ஒரு வாட்ஸ்ஆப் குழு.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தது. தயிர் ஏன் புளித்தது? என் பெயரை ஏன் கடைசியில் வாசித்தீர்கள்? டிங். டிங். டிங்.

மறுக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? வேலை போன மனிதனிடம் பதவியை நீட்டினால் வேண்டாமென்று சொல்ல எப்படி வாய் வரும்? வாங்கிக்கொண்டார். குறட்டை நின்றது. மறுபடி சோபா. மறுபடி போன். மறுபடி கன்னம்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில், மைக்கைப் பிடித்தபடி நின்ற அவருடைய முகத்தைப் பார்த்தேன். அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்த அதே முகம். நேராகப் போனேன்.

"அந்த டேக்கக் கழட்டுங்க."

"மகாலிங்கம் என்ன நினைப்பாரு?"

"என்னமோ நினைச்சுட்டுப் போகட்டும். நீங்க தூங்கணும்."

என்னையே பார்த்தார். டேக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குனிந்து பேண்ட்டை மடித்தார்.

"வாங்க வாங்க, ஆபீசர்! லீவு முடிஞ்சுதா?" என்று சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்து கோபால் அண்ணனின் குரல். சற்று நேரத்தில் சாம்பார் அண்டாவிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மகாலிங்கம் வேகமாக வந்தார். "அக்கா, சேகர் சார் எங்க? உபயதாரர் குடும்பம் காத்திருக்கு. கொஞ்சம் கூப்பிடுங்க."

நான் சமையற்கட்டின் பின்வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"கூப்பிட முடியாது. அவரு வேலையா இருக்காரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவருக்கு வேலை போன நாளிலிருந்து இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்டாவுக்குள் தேய்க்கும் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது, முன்னைவிட அழுத்தமாக.

அந்தப் பொன்னாடையா? கழுவிய அண்டாவைத் துடைக்க எடுத்துப் பார்த்தோம்... ஒரு சொட்டுத் தண்ணீர் உறிஞ்சவில்லை.