இச்சி, நீ, சான்

நேற்று பைண்டிங் கடையில் துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனை முகத்தில் அடித்ததும், பிரேசர் டவுனில் இன்று அடுக்குமாடி நிற்கும் மூலையில் தாஸ் அங்கிள் தன் வீட்டு முன்னறையில் நடத்திய வாடகை நூலகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

யுத்தத்தில் ஜப்பானியரின் கைதியாகி, பர்மா ரயில் பாதையில் தினமும் வரிசையில் நிறுத்தி எண்ணப்பட்டவர் அவர். எங்களுக்கோ, அவர் பசை தடவித் தடவி உயிரோடு வைத்திருந்த மர்ம நாவல்களில் ஒரு ஜப்பானிய வாள்வீரனின் கதைதான் உயிர். வாளை உருவுமுன் அவன் "இச்சி, நீ, சான்" என்று எண்ணுவான். 'நீ' என்றால் இரண்டு என்று தெரியாமல், அந்த இடத்தில் எதிரே நிற்பவளை விரலால் சுட்டுவோம்.

ஒரு மழை மதியம் நானும் தங்கையும் குடைகளை வாளாக ஏந்தி, அலமாரிகளுக்கு நடுவே கத்தினோம்: "இச்சி! நீ! சான்!"

அங்கிள் பசைக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டி விறைத்து நின்று, "ஷி" என்று நான்காவது எண்ணைச் சொன்னார். பிறகு உட்காரவே இல்லை.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ஆன்ட்டிக்கு அது புதிதல்ல போலிருக்கிறது.

"எண்ணி முடிச்சாச்சுங்க. எல்லாரும் இருக்காங்க. உக்காருங்க."

அதைக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.