ரோஸி சுருக்கிய துடிப்பு

ரோஸி தன் வயிற்றையே சோதனைச் சாமானாக்கி வேலை பார்த்தாள் என்று சொன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். தொண்ணூற்றாறில் நடந்தது அது.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து பக்தவத்சலத்தின் லேத் பட்டறையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தவள். வீடு மேனாம்பேட்டில், நடந்து வரும் தூரம். கணவன் பாஸ்கலுக்கு ஆவடி ஃபாக்டரியில் ஷிப்டு. முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போயிற்று. இதயம் எப்போது நின்றது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது உண்டானதும் பூந்தமல்லி டாக்டர் ஞானகுமாரி, "தினம் ஒரு தடவை நான் இதயத்தைக் கேட்கணும். அந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல நீ தினம் வரவும் கூடாது" என்றார். இரண்டும் எப்படி முடியும்? ஃபோனில் முடியும் என்று ரோஸிக்குத் தோன்றியது. தோன்றிய நிமிஷத்திலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஸ்டெதாஸ்கோப் வட்டுக்குள் ஒரு சின்ன மைக்கைத் திணித்தாள். மதியச் சாப்பாடு ஆனதும் ஸ்டோர் ரூம் பெஞ்சில் படுத்து, அதை வயிற்றில் வைத்துப் பத்து நிமிஷம் பதிவு செய்தாள். அதை அப்படியே மோடம் வைத்து ஃபோன் கம்பி வழியாக டாக்டரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் மாலை டீ வரும்வரை போய்க்கொண்டே இருக்கும். நடுவில் யாராவது பக்கத்து அறை ரிசீவரைத் தூக்கினால் தீர்ந்தது, மறுபடி முதலிலிருந்து. ஆகவே சுருக்கியாக வேண்டும். ரேஷன் கார்டு மனுவில் ஒரே விலாசத்தைத் திரும்ப எழுத அலுத்து 'மேற்படி' என்று போடுகிறோமே, அதையே புரோகிராமுக்கும் சொல்லிக் கொடுத்தாள். துடிப்பின் ஓசையை ஒரு முறை அனுப்பு. அடுத்தது எவ்வளவு இடைவெளி விட்டு வந்தது என்று மட்டும் சொல். அதே இடைவெளி வந்தால் 'மேற்படி'. அதை மறுபடி விரித்துக் கேட்க டாக்டரின் கம்ப்யூட்டரிலும் ஒரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்தாள்.

அனுப்பும் நேரம் ஐந்து நிமிஷத்துக்கு வந்தது. நாலுக்கு வந்தது. குறைந்த ஒவ்வொரு விநாடிக்கும் பட்டறையே துள்ளியது. பக்தவத்சலம் சாக்பீஸால் சுவரில் எழுதிவைத்தார். லேத் ஓட்டுகிறவர்கள்கூட "இன்னிக்கு எவ்ளோக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தார்கள்.

எட்டாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்து நிமிஷப் பதிவு ஐம்பது விநாடியில் போய்விட்டது.

ரோஸி கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள். ஐம்பதுதான். எட்டு மாத வயிற்றோடு ஒரு சுற்று ஆடியே விட்டாள்.

"சார், ஒரு நிமிஷத்துக்குள்ள போயிடுச்சு சார்."

"இன்னாம்மா சொல்ற, நெசமாவா?" என்ற பக்தவத்சலம் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய் ஒரு கிலோ மைசூர்பாகுடன் வந்தார். முதல் துண்டை ரோஸி வாயருகே கொண்டுபோனபோது டாக்டரின் ஃபோன் வந்தது.

"ரோஸி, இடைவெளி எல்லாம் ஒண்ணாவே இருக்கு."

"ஆமா டாக்டர், அதனாலதான் இவ்ளோ சின்னதா வந்திருக்கு."

"அதைத்தான் சொல்றேன். நல்லா இருக்கிற குழந்தையோட இதயம் இப்படி அளந்து வெச்ச மாதிரி அடிக்காது, முன்னே பின்னே தாவும். தூங்கிட்டும் இருக்கலாம். இனிப்பா ஏதாவது சாப்பிட்டு இடது பக்கமா படு. அரை மணி கழிச்சு மறுபடி அனுப்பு. அப்பவும் இப்படியே இருந்தா வண்டி பிடிச்சு நேரா இங்க வந்துடு."

ரோஸி ரிசீவரை வைத்தாள். உள்ளே குழந்தை மேற்படி, மேற்படி என்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் அதற்கு ஆடியிருக்கிறாள். எது குறைய வேண்டும் என்று மாதக்கணக்கில் தவம் கிடந்தாளோ, அது குறைந்ததற்காக இப்போது நடுங்கினாள். மைசூர்பாகு நாலு துண்டு உள்ளே போயிற்று, ருசி தெரியவில்லை. பக்தவத்சலம் லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசலில் ஓர் ஆட்டோவை நிறுத்தி வைத்தார்.

பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்து வயிற்றோடு பேசினாள். "என் கண்ணு, ஒரே ஒரு தடவை கோணலா அடிடா."

இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு விலாவில் ஓர் உதை விழுந்தது, கையிலிருந்த மைக் நழுவும்படி. இன்னொன்று. அவள் பரபரவென்று பதிவு செய்து, சுருக்கக் கொடுத்தாள்.

திரையை எட்டிப் பார்த்த பக்தவத்சலம் முகத்தைச் சுருக்கினார். "இன்னாம்மா, இம்மாம் பெருசா கீது? புரோகிராம் புட்டுக்கிச்சா?"

"இல்ல சார். பிள்ளை எழுந்துடுச்சு. மேற்படியே விழமாட்டேங்குது."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் பக்கத்து அறைக்கு ஓடி, யாரும் ரிசீவரைத் தூக்காதபடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஃபைல் போயிற்று, போயிற்று, ஒன்பது நிமிஷம் போயிற்று. அதுவரை சுருக்கி அனுப்பியதிலேயே ஆகப் பெரியது அதுதான். ரோஸி நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஃபோன் அடித்தது.

"ஒழுங்கே இல்லாம குதிக்குது ரோஸி" என்றார் டாக்டர். "ரொம்ப நல்லா இருக்கு."

ரோஸி ரிசீவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.