டாங்கிள் இல்லாத ஆறு கார்டுகள்

போன் செய்தால் ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் கம்ப்யூட்டரை ஒரு காலத்தில் நான்தான் அம்பத்தூர் கம்பெனிகளுக்குப் பூட்டிக் கொடுத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்ற வேலை. அந்தக் குரல் வருவதற்காக அதற்குள் செருகும் கார்டுகள் ஆறு மீந்திருந்தன. ஒருமுறையாவது அவற்றை மறுபடி பேச வைப்பவருக்குச் சும்மாவே தருகிறேன் என்று, பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்.

பட்டாபிராமிலிருந்து ஒருவர் மனைவியோடு பருத்திப்பட்டுக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார். கார்டை எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“சூப்பரா கீது சார். டாங்கிள் எங்க?”

டாங்கிள் கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளக். கம்ப்யூட்டரின் பின்பக்கம் அது இருந்தால்தான் கார்டு வாய் திறக்கும். கழற்றினால் தொலைந்துவிடும் என்று பயந்து எங்கள் வேலையில் யாரும் அதைத் தொடவே மாட்டோம். நானும் தொடவில்லை. போன பொங்கலுக்கு அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதை அவரிடம் சொன்னேன்.

“இன்னா சார், சாவியோட வண்டிய தள்ளி வுட்டுட்டீங்களே!”

“வேற டாங்கிள் கிடைக்குமா?” என்றேன்.

“செஞ்ச கம்பெனியே இல்ல சார்.”

அவர் மனைவி சிரித்தார். “எட்துக்கோய்யா. ஊட்ல பேசாத பொட்டி நாலு கீது, அதுங்களோட இதுவும் கெடக்கட்டும்.”

“ஷோகேஸ்ல வெச்சிக்கறேன் சார்,” என்றார் அவர், எனக்காக.

செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். யார் கிளம்பினாலும் ‘போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க’ என்பேன். அன்று, பேசாத கார்டுகளைக் கொடுத்தனுப்பிவிட்டு, அதைச் சொல்லவில்லை.