வெயில் காணாத பிள்ளை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த லொட்ஜின் மூன்றாம் மாடியில் அப்போது நான் தங்கியிருந்தேன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட் வேலை. லொட்ஜ் என்றதும் உல்லாசப் பயணிகளை நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து, வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த சனம்தான் அறை அறையாக நிரம்பியிருந்தது. அறைக்கு ஒரு கட்டில், ஒரு ஃபேன். யன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சமைக்க அனுமதி கிடையாது. மொட்டை மாடிக்குப் போகவும் கிடையாது. மேலே யாராவது தமிழர் நின்றால் யாருக்கோ சிக்னல் காட்டுகிறார்கள் என்று ஆமிக்காரர் சந்தேகப்படுவார்கள் என்பது முதலாளியின் பயம். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஒருமுறை அப்படி விசாரித்திருக்கிறார்கள்.

என் அறைக்கு எதிரே ஒரு இளம் தாயும் அவளுடைய ஒன்றரை வயது மகளும் இருந்தார்கள். கணவன் ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்குப் புறப்பட்டு, நடுவழியில் ஏதோ ஒரு நாட்டில் மாட்டிக்கொண்டிருந்தான். வவுனியாவில் ஆமி கொடுத்த தற்காலிகப் பயண பாஸோடு வயிற்றுப் பிள்ளைக்காரியாகக் கொழும்புக்கு வந்தவள் அவள். பிள்ளை பிறந்தது இங்கேதான். பாஸ் காலாவதியாகிவிட்டது. வடக்கிலிருந்து வந்தவர்கள் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவுக்குப் போனால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று யாரோ நன்றாகப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். லொட்ஜில் ஆமி செக்கிங் வரும்போது கைக்குழந்தைக்காரி என்று பாவம் பார்த்து விட்டுவிடுவார்கள். ஆனால் வெளியே தெருவில் பிடிபட்டால்? அதனால் பிள்ளைக்கு ஊசி போடும் நாட்களைத் தவிர அவள் படி இறங்குவதே இல்லை. வேலை முடிந்து வரும்போது நான்தான் பேக்கரியில் பாண் வாங்கி வந்து கொடுப்பேன். பாணும் பால் விடாத பிளேன்டியும் அவளுக்கு, தாய்ப்பால் பிள்ளைக்கு. காலம் அப்படியே போனது.

பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு சாதுவான பிள்ளையை நான் கண்டதில்லை. பூட்ஸ் சத்தத்தோடு கதவைத் தட்டினாலும் வாய் திறக்காது. மாடியில் இருந்த பெண்கள் எல்லோரும் அதை மெச்சாத நாளில்லை. நடக்கவில்லை என்பது மட்டும்தான் குறை. நிற்கவும் இல்லை. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நல்லெண்ணெய் பூசச் சொன்னார் ஒருவர். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வைக்கச் சொன்னார் இன்னொருவர். கொழும்பில் சைவக்காரரும் செவ்வாய்க்கிழமை அந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவது ஒன்றும் புதினமில்லை. விசா கேட்டு மெழுகுதிரி கொளுத்தியவர்களில் நானும் ஒருத்திதான்.

நேர்த்தி என்றதும் அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லீவு போட்டுவிட்டு இருவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையைத் துவாயால் தலையோடு மூடியிருந்தாள். எங்கள் நல்ல காலம், வழியில் யாரும் மறிக்கவில்லை.

கொச்சிக்கடையில் இறங்கியதும் துவாய் விலகியது. பிள்ளை வீரிட்டது. எத்தனை செக்கிங்குக்கும் மூச்சு விடாத பிள்ளை, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக் கத்தியது. சனத்தைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று நினைத்தோம். கோயில் வாசலில் உட்கார்ந்து, சமாதானப்படுத்துவதற்காக இரண்டு கையையும் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கால்களை நல்ல வெளிச்சத்தில் முதன்முறையாகக் கண்டேன். இரண்டும் வெளிப்பக்கமாக வில் போல வளைந்திருந்தன. அறையின் மங்கல் பல்ப் வெளிச்சத்தில், நாள் தவறாமல் எண்ணெய் பூசிய தாய்க்குக்கூட அது தெரியவில்லை.

நேர்த்தியை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினோம். அங்கே என் சிநேகிதி வீட்டார் சுகமில்லையென்றால் போய்க் காட்டுகிற ஒரு பெண் டொக்டர் இருந்தார், தலை நரைத்தவர், கோபக்காரி. பிள்ளையின் மணிக்கட்டைத் தடவினார், நெஞ்சைத் தடவினார், காலைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தப் பிள்ளை கடைசியா எப்ப வெயில் கண்டது?"

தாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை. மறுபடி கேட்டார்.

"காணேல்லை டொக்டர். ஊசி போடக் கொண்டு போனதும் ஓட்டோவிலதான். துவாயால மூடிக்கொண்டு போனனான்."

டொக்டர் தாயின் முகத்தைப் பார்த்தார். "மறியல்ல கம்பிக்குப் பின்னால கிடக்கிறவனைக்கூட நாளுக்கு ஒருக்கா முற்றத்தில விடுவினம், பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நோயின் பெயர் றிக்கற்ஸ். உடம்பில் வெயில் படாததால் எலும்பு இறுகாமல், இருந்த இருப்பிலேயே வளைந்துகொடுக்கிறதாம். சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்நாடுகளில் வருகிற நோய் என்று படித்ததைத் தான் இப்போது கொழும்பில் பார்ப்பதாகச் சொன்னார். லொட்ஜுகளிலிருந்து வந்த பிள்ளைகளில் இது முதலாவது இல்லையாம். பிறகு தாயின் பக்கம் திரும்பி, உனக்கும் துடையும் இடுப்பு நாரியும் நோகுதோ என்று கேட்டார். ஓம் என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாளாம். வெயில் தருகிற சத்து தாயின் உடம்பிலும் இல்லை, அதனால் பாலிலும் இல்லை. இப்படியே விட்டால் கால் நிமிராது என்று சொல்லி, இருவருக்கும் மருந்தும், முட்டையும் மீனும், நாளும் காலை வெயிலும் எழுதினார். கொழும்பு வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். அந்த ஊரில் வெயிலை மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு நாங்கள் பஸ் ஏறினோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மருந்து கிடைத்துவிட்டது, வெயிலுக்கு எங்கே போவது? முதலாளியிடம் கெஞ்சினேன். மொட்டை மாடியில் காலையில் துணி காயப்போட மட்டும் சம்மதித்தார். அது போதுமாக இருந்தது. மாடியில் இருந்த பெண்கள் சேர்ந்து, தோய்க்கத் தேவையில்லாத சேலைகளையும் தோய்த்தோம். துணிக் கூடைக்குள் பிள்ளையை வைத்து மேலே கொண்டு போய், ஈரச் சேலைகளைச் சுற்றிவரத் தொங்கவிட்டு, நடுவில் பாய் போட்டுத் தாயையும் மகளையும் இருத்துவோம். முதல் கொஞ்ச நாள் கண்ணைப் பொத்திக்கொண்டே இருந்த பிள்ளை, பிறகு தன் நிழலைக் கையால் அடித்து விளையாடத் தொடங்கியது.

ஒரு ஞாயிறு காலை நாங்கள் மேலே இருக்கும்போது செக்கிங் வந்துவிட்டது. இறங்கி ஓட நேரமில்லை. படியில் பூட்ஸ் சத்தம். தாய் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சேலைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டினாள். ஒரு இளம் ஆமிக்காரன் துவக்குக் குழல் நுனியால் சேலையை விலக்கினான். அவளைக் கொண்டு போகப் போகிறார்கள், பிள்ளை என்ன ஆகும் என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. நான் முன்னால் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையின் கால் வளைந்துவிட்டது, டொக்டர் வெயில் காட்டச் சொன்னார், வேறு ஒன்றுமில்லை.

அவன் குனிந்து கால்களைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"வெயில் காட்டவா? அதுக்கு ஏன் அக்கே ஒளிக்கிறீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். கீழேயிருந்து யாரோ கூப்பிட, அவன் சேலையைத் திரும்ப இழுத்து விட்டுவிட்டு இறங்கிப் போனான். மறுநாளும் நாங்கள் சேலைகளைச் சுற்றித் தொங்கவிட்டுத்தான் வெயில் காட்டினோம்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் பிள்ளை துணிக்கொடித் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. பிறகு கணவன் ஒருவாறு கனடா போய்ச் சேர்ந்து இருவரையும் கூப்பிட்டுக்கொண்டான். நானும் ஊரை விட்டு வந்துவிட்டேன். இப்போது நான் இருக்கும் நாட்டில் வருடத்தில் பாதி நாள் சூரியனைக் காண முடியாது. போன வருடம் இரத்தம் சோதித்துவிட்டு, உங்களுக்கு வெயில் சத்துக் குறைவு, இங்கே எல்லோருக்கும் இருப்பதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார் டொக்டர். வெயில் இல்லாத நாட்டில் அது நோய்தான், ஒத்துக்கொள்கிறேன். வெயில் கொட்டிக் கிடந்த ஊரில் ஒரு பிள்ளையின் காலை வளைத்ததற்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.