அப்பா வண்டிக்குப் புதுக் கால்கள்

அந்தத் தெருவில் அவளைப் பாடிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்குப் பாடி கட்டுகிறவள் என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்களுக்கு அது எங்கே தெரியும்? பட்டறை வாசலில் நின்றுகொண்டு எவனாவது போனில், "பாடி கைக்கு வர இன்னும் ரெண்டு நாள் ஆகுமாம்" என்று கத்துவான். தெருவில் போகிற நல்ல மனிதர்கள் சட்டென்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். அவளுக்கு அதில் சிரிப்பு வருவது நின்று பல வருஷமாகிவிட்டது.

ஐம்பதை நெருங்குகிறாள். முன்கையில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். கணவர் அதே பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறார். வாயைத் திறந்தால் கூலி குறைந்துவிடும் என்பது போல இருப்பார். இந்த வேலைக்கு அவளை யாரும் உட்கார வைத்துப் பழக்கவில்லை. மலைத் தோட்டங்களில் பம்பு செட்டு பழுது பார்த்த அப்பாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. அது வாரத்துக்கு ஒரு முறை படுத்துக்கொள்ளும். யாராவது அடியில் நுழைந்தாக வேண்டும். தம்பியின் சட்டையில் கிரீஸ் படக்கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். ஆகவே இவள் நுழைந்தாள்.

அப்பா போன பிறகு ஜீப் தம்பிக்குப் போனது. ஆண்பிள்ளையாம். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆண்பிள்ளை. நான்கு வருஷம் மழையிலும் வெயிலிலும் மரத்தடியில் போட்டு வைத்தான். அடிச்சட்டமான சேஸிஸ் துருவேறி, விரலால் அழுத்தினால் பொத்துக்கொள்ளும் பதத்துக்கு வந்தது. அதற்குள் பழைய வண்டி வைத்திருப்பது பெரிய மனுஷத்தனம் என்று ஆகிவிட, துரைக்கு அப்பா மேல் பாசம் பொங்கியது.

"அக்கா, புது பிக்கப் சேஸிஸ் ஒண்ணு வாங்கிட்டேன். எஞ்சின், ஸ்டியரிங் எல்லாம் அதுலயே இருக்கு. அப்பாவோட பாடியை நாளைக்கு அனுப்பறேன். தூக்கி மேல உட்கார வச்சிடு."

அப்பா போனபோது வந்து சேர ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டவன், இந்தப் பாடியை மறுநாள் காலை ஏழு மணிக்கே லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தான்.

தூக்கி உட்கார வைப்பதாம்! குழந்தையா அது, இடுப்பில் உட்கார வைக்க? பழைய ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைவிடப் புதுச் சேஸிஸில் நாலு இஞ்சு அதிகம். பாடியின் தரையை அறுத்தால் கதவு வாசல் வாயைப் பிளந்துகொள்ளும். அதனால் முதலில் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பைப் வைத்து வெல்டிங்கில் பற்ற வைத்தாள். பிறகுதான் அறுத்தாள். பின் சக்கரத்துக்கான வளைவை நாலு இஞ்சு பின்னால் தள்ளி, ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் ராவினாள். தெரியக்கூடாது என்பது தம்பியின் கட்டளை.

"பார்க்கறதுக்கு அப்படியே இருக்கணும்க்கா. பழைய வண்டி ஊர்வலத்துல 'மாறாத பழமை'ன்னு ஒரு பரிசு இருக்கு."

"மாறாத பழமையா? கீழ முழுக்கப் புதுசுடா."

"கீழ யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?"

ஊரை ஏமாற்றத் துணிந்தவனுக்கு ஊர் குனியாது என்பதில் எவ்வளவு நம்பிக்கை! தம்பிதானே என்று விட்டாள். அவளுடைய வாழ்க்கையில் பாதி, தம்பிதானே என்று விட்டதில் போனது. மேல்படிப்பு அப்படிப் போனது. ஜீப் அப்படிப் போனது. இதைச் சொல்லி அழுகிற பெண் இல்லை அவள். ஆனால் விட்டுக்கொடுப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தாள் பாருங்கள், அந்த அசட்டுத்தனத்துக்கு மன்னிப்பே கிடையாது.

தினமும் மாலை வந்து, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று தலைமாட்டில் நிற்பான். ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்ததில்லை. அந்த நச்சரிப்பில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்களே, அது.

சேஸிஸைத் தாங்கு கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தாள். சக்கரம் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலேயே அளவெடுத்து, பாடியைத் தாங்கும் எட்டுக் கால்களையும் பற்ற வைத்துவிட்டாள். பழைய ஜீப்புக்கு அப்படி அளவெடுத்தாலும் பெரிதாக மோசம் போகாது. அதன் இரும்புப் பட்டை ஸ்பிரிங்குகள் யானை ஏறினாலும் அசையாது. புது வண்டியில் சுருள் ஸ்பிரிங். ஆள் ஏறினால் மூன்று இஞ்சு இறங்கும். கைக்குப் பழைய வண்டிதான் பழக்கம். கை மூளையைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டியைத் தரையில் இறக்கி, நாலு பேர் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தபோது முன் சக்கரம் மட்கார்டின் விளிம்பில் போய்க் கவ்வியது. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் மலை ரோட்டில். வண்டியில் தம்பியோடு அவன் மனைவியும் இரண்டு குழந்தைகளும். ஒரு வளைவில் சக்கரம் இப்படிக் கவ்விக்கொண்டால் கீழே அதலபாதாளம்.

உடனே போன் செய்து, தப்பு தன்னுடையதுதான் என்று ஒளிக்காமல் சொன்னாள். "பாடியை ரெண்டு இஞ்சு தூக்கணும். எட்டுக் காலையும் வெட்டி எடுத்துட்டு மறுபடி வைக்கணும். ஸ்டியரிங் தண்டையும் சரி பண்ணணும். புதன்கிழமை தரேன்."

"ரெண்டு இஞ்சு தூக்கினா அப்பா போட்டோவுல இருக்கற மாதிரி இருக்காதேக்கா. கண்டுபிடிச்சிடுவாங்க."

"நாலு பேர் உயிருடா."

"நான் பார்த்து ஓட்டிக்கறேன். முழுசா ஒடிக்காம இருந்தா போதும்ல?"

மலை ரோட்டில் முழுசாக ஒடிக்காமல் ஓட்டப் போகிறானாம். மலை இவனுக்காக நிமிர்ந்துகொள்ளும் போல. "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று வைத்துவிட்டான். அன்று பூராவும் அவளுக்கு ஒரே கேள்விதான்: சாவியைக் கேட்டு அவன் கை நீட்டும்போது, இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் கொடுத்துப் பழகிய தன் கை சும்மா இருக்குமா? இருக்கும் என்று அவளால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று நண்பர்களோடு வந்து இறங்கினான். கறுப்புக் கண்ணாடி, புதுத் தோல் தொப்பி. வண்டி கிடைத்ததோடு காட்டுக்கே ராஜாவாகிவிட்டவன் மாதிரி அதைச் சுற்றி நடந்தான்.

"எங்கப்பா வண்டி. ஒரு நட்டுகூட மாத்தல. அப்படியே நானே பார்த்துப் பார்த்து வச்சிருக்கேன்" என்றான் நண்பர்களிடம்.

தாடி வைத்த நண்பர் ஒருவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "இவங்க?"

தம்பி ஒரு கணம் அவளைப் பார்த்தான். கிரீஸ் துணி, கருகிய முன்கை, ரப்பர் செருப்பு.

"பட்டறைக்காரம்மா" என்றான். "லேசா பெயிண்ட் டச் பண்ணக் கொடுத்திருந்தேன்." பிறகு அவள் பக்கம் கை நீட்டினான். "சாவி குடுங்க."

குடுங்க! பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்றவன். மூலையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த கணவரின் கைகூட நின்றுவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. முதலில் சுள்ளென்று, அப்புறம் சுகமாக. இத்தனை வருஷத்துத் தயக்கத்தை ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்துவிட்டானே, புண்ணியவான்!

"தாராளமா, சார்" என்று சாவியைக் கொடுத்தாள். "பட்டறை வழக்கம் ஒண்ணு இருக்கு. வெளிய விடறதுக்கு முன்னாடி நாலு பேரும் ஏறி உட்கார்ந்து, இந்த முற்றத்துக்குள்ளயே ஒரு சுத்து சுத்திக் காட்டிடுங்க."

நாலு தடியர்களும் ஏறினார்கள். வண்டி புஸ்ஸென்று இறங்கியது. "மெதுவா, முழுசா ஒடிங்க சார்" என்றாள். தம்பிக்கு வேறு வழியில்லை, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒடித்தான். ஆமை வேகத்தில் அரை வட்டம் போவதற்குள் கர்ரென்று ஒரு சத்தம். பெயிண்ட் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. டயர் மட்கார்டைக் கவ்விக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அசைக்க முடியவில்லை, அந்தப் பக்கமும் அசைக்க முடியவில்லை.

தாடிக்காரர் இறங்கினார். யாரும் குனிய மாட்டார்கள் என்றானே, அவர் மண்டி போட்டே குனிந்தார். போன் வெளிச்சத்தை அடியில் காட்டினார்.

"ஏங்க, உங்கப்பா காலத்துலயே சுருள் ஸ்பிரிங் வந்துடுச்சா? சேஸிஸ்ல இன்னும் கம்பெனி ஸ்டிக்கரே உரியலையே!"

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் இறங்கி அவள் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான்.

"அக்கா... மானம் போகுது. ஊர்வலத்துக்குப் பேர் கொடுத்தாச்சு. எதையாவது அறுத்துத் தள்ளி இப்பவே விட்டுடேன்க்கா."

என்னதான் தாழ்த்தினாலும் தாடிக்காரர் காதில் விழுந்துவிட்டது. "அக்காவா?" என்றார்.

அவள் டயரின் இடுக்கில் கையை விட்டு, உரிந்த பெயிண்டை எடுத்து ஊதினாள். பிறகு சாவியைத் தம்பியின் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்காகிட்ட கேட்டிருந்தா, தம்பிதானேன்னு கொடுத்துத் தொலைச்சிருப்பா. நீங்க பட்டறைக்காரம்மாகிட்ட கேட்டீங்க, சார். புதன்கிழமை வாங்க."