அஞ்சலகச் சுவரில் லோட்டி

ஹார்லன் ஃபெரி என்கிற ஆற்றங்கரை ஊரில் பொத்தான் ஆலை மூடி ஆறு வருஷமான பிறகும் சந்துகள் வெளுப்பாகவே இருந்தன. பொத்தானுக்கு வில்லை வெட்டியெடுத்த ஆற்றுச் சிப்பிகளை, வட்ட வட்டமாய்த் துளை விழுந்த ஓடுகளை, பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் கொட்டி நிரப்பியிருந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தால் சந்து முழுக்க மீன் செதில் போல மினுங்கும். லோட்டி ஹவ்லிக் அதன்மேல் நடந்துதான் தினமும் சலவைக்கூடத்துக்குப் போவாள். காலடியில் ஓடு நொறுங்கும்போது அவளுக்குப் பாதித் தூக்கம் கலையும். மீதித் தூக்கத்தைச் சாயங்காலம் வரைக்கும் கூடவே வைத்துக்கொள்வாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

கேலி முழுப் பொய்யும் இல்லை. பதினாறு வயதில் ஆலையில் சேர்ந்தவள் லோட்டி. பத்தொன்பது வருஷம் வடக்குச் சன்னலோரம் உட்கார்ந்து பொத்தான்களைத் தரம் பிரித்தாள். பாலாடை நிறம் ஒரு பக்கம், நீலம் ஓடியது ஒரு பக்கம், பளபளப்பு செத்தது ஒரு பக்கம். கை அதுபாட்டுக்குப் பிரிக்கும். மனம் அதுபாட்டுக்கு எங்கோ போகும். யாராவது கூப்பிட்டால், தூரத்திலிருந்து நடந்து வருகிறவளைப் போல மெதுவாகத் திரும்பிப் பார்ப்பாள்.

புருஷன் எமில், தட்டைப் படகில் போய்ச் சிப்பி அள்ளுகிறவன். ஆலை மூடியதும் சிப்பியை வாங்க ஆளில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், டாண்டேலியன் கீரை முளைக்கிற வசந்தத்தில், மேற்கே பழத்தோட்டங்களில் வேலை இருக்கிறதென்று யாரோ சொல்ல, சரக்கு ரயிலில் தொற்றிப் போனான். இரண்டு வருஷத்தில் அவனிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. பொண்டாட்டி வாய் தாங்காமல்தான் ஓடிப்போனான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். லோட்டிக்கு வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. ஆனால் ஊர் வாய்க்கு ஏது மூடி?

ஆலையில் பக்கத்து மேசையில் இருந்த பிரைடி கீஹோதான் இப்போது சலவைக்கூடத்திலும் பக்கத்துப் பலகையில் இஸ்திரி போடுகிறாள். விதவை, ஐம்பது வயது, வீச்சான குரல். இரண்டு வீட்டுக்கு அடுப்பு எரிப்பானேன் என்று அவள் லோட்டியின் வீட்டுக்கே குடிவந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

முப்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதத்தில், புதிதாகக் கட்டிய அஞ்சலகத்தின் சுவரில் படம் எழுத வாஷிங்டனிலிருந்து ஓர் ஓவியரை அனுப்பினார்கள். அன்செல் டோர்ன் என்று பெயர். கொக்கு மாதிரி உயரம். உருப்படியாக ஒரே ஒரு சட்டை. அந்தச் சட்டை சலவைக்கு வந்தது. அதை வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

இஸ்திரி உருளையில் மாட்டி உடைந்து விழுகிற பொத்தான்களை லோட்டி பலகை ஓரத்தில் குவித்து வைத்திருப்பாள். ஆவி கலைந்த ஓரிரு நிமிஷத்தில், எங்கோ பார்த்துக்கொண்டே, அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன செஞ்சீங்க?" என்றார் டோர்ன்.

லோட்டி திடுக்கிட்டாள். "உங்க சட்டையத்தான் மடிச்சேன், சார். சுருக்கம் இருக்கா?"

"சட்டைய விடுங்க. கையால ஏதோ பிரிச்சீங்களே?"

"ஓ, அதுவா? அது நான் செய்யல சார். கை செஞ்சுது."

பிரைடி இஸ்திரிப் பெட்டியை டம்மென்று வைத்தாள். "அவ கிட்ட கேட்டா அப்படித்தான் சொல்லுவா. பத்தொன்பது வருஷம் பொத்தான் பிரிச்ச கை, சார். தூங்கும்போதுகூட போர்வையத் தரம் பிரிக்கும்."

டோர்னிடம் அந்த ஊர் ஆற்றையும் சிப்பியையும்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். படத்தின் நடுவில் நிற்கிற பெண்ணுக்கு அவர் நாலு நாளாக ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரிய மனுஷர்கள் அனுப்பிவைத்த பெண்கள் எல்லாரும் புகைப்படத்துக்கு நிற்பது போல நின்றார்கள். லோட்டியை அவர் கேட்டபோது அவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "வெறுமனே நிக்கணும், அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

மாலை ஐந்து மணிக்கு அஞ்சலகத்தின் முகப்பு மூடும். அதன் பிறகு மூன்று மணி நேரம் கோடை வெளிச்சம் உயரச் சன்னல் வழியாக உள்ளே சாய்ந்து கிடக்கும். லோட்டி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, சிப்பிக் கூடையில் ஒரு கையும் காற்றில் ஒரு கையுமாக நிற்பாள். டோர்ன் சாரத்தின் மேலிருந்து அவளைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், மறுபடி அவளைப் பார்ப்பார். நாற்பத்தோரு வயதில் அவளை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முதல் இரண்டு நாள் கூச்சத்தில் அடிக்கடி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். மூன்றாம் நாள் அவரை மறந்துபோனாள்.

நிற்க நிற்க அந்த மஞ்சள் வெளிச்சம் தண்ணீராகிவிடும். கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியாது. ஆலைச் சன்னலில் படிந்திருந்த வெள்ளைத் தூள் தெரியும். கரையில் சிப்பி வேகும் கொப்பரைகளின் நாற்றம் வரும். அதுகூட இப்போது கெட்ட நாற்றமாக இல்லை. இறந்துபோன அம்மா தன் தாய்நாட்டுப் போஹீமிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே பலகாரத்துக்கு மாவு பிசைவாள். "கொஞ்சம் உட்காருங்க, மிஸஸ் ஹவ்லிக்" என்று டோர்ன் சொல்லும்போது, ஆழத்திலிருந்து மேலே வருகிறவளைப் போல மூச்சு வாங்குவாள்.

வண்ணப்பொடியை டோர்ன் முட்டையின் மஞ்சள் கருவில் குழைப்பார். வெள்ளைக் கரு வீணாகிறதே என்று லோட்டிக்கு மனசு கேட்கவில்லை. கேட்டு வாங்கி, ஒரு ஜாடியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"அடிப்பாவி, ஊரே பீன்ஸ் கஞ்சி குடிக்குது, முட்டையச் சுவத்துக்கா ஊட்டுறாரு?" என்றாள் பிரைடி. "அதுலயும் சத்துள்ளது சுவத்துக்கு, சவசவன்னு இருக்கிறது நமக்கு! வாஷிங்டன் நியாயம்னா இதுதான்." சொல்லிக்கொண்டே அடித்து நுரைக்க வைத்து ஒரு வெள்ளைக் கேக் செய்துவிட்டாள். அந்தக் கோடை முழுவதும் அவர்கள் வீட்டில் வெள்ளைக் கேக்குதான். தெருவில் பாதிப் பேருக்குக் கிடைத்தது.

ஜூலை நடுவில் டோர்ன் படத்தின் இடது பக்கத்துக்கு வந்தார். அங்கே ஒரு படகும் படகுக்காரனும் வரவேண்டும்.

"உங்க வீட்டுக்காரர் ஆத்துல வேலை செஞ்சவர்தானே?" என்றார். "அவர் எப்படி இருப்பார், சொல்லுங்க. அவரையே எழுதிடறேன்."

லோட்டி நின்ற நிலை கலையாமலே யோசித்தாள். "வலது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். சிப்பி அள்ளுற கொக்கிக் கம்பிய இழுத்து இழுத்து அப்படி ஆயிடுச்சு. பின்கழுத்துல முடி சுருண்டு கெடக்கும். வெட்டிக்கச் சொன்னா நாளைக்கும்பார்."

"முகம்?"

அவள் வாய் திறந்தாள். முகம் வரவில்லை. கண்ணின் நிறம் தெரிந்தது, பல்லில் விழுந்த சின்ன உடைசல் தெரிந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடந்தது, சேரவில்லை. கல்யாணப் போட்டோ வீட்டில் இருந்தது. ஆனால் அதில் இருப்பவன் யாரோ இரவல் கோட்டுப் போட்ட பையன். அவளுடைய எமில் இல்லை.

"எனக்கு ஞாபகம் வரல, சார்." அவள் கூடையிலிருந்து கையை எடுத்தாள். "பதிமூணு வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டேன். ஞாபகம் வரலன்னா நான் என்ன பொம்பளை?"

டோர்ன் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர். தூரிகையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கடைசியில், "தினம் காலையில கிளம்பும்போது எந்தப் பக்கம் பாத்தீங்க?" என்றார்.

"முதுகைத்தான்."

"அப்ப தெரிஞ்சதை எழுதுவோம்."

அப்படித்தான் எமில் ஹவ்லிக் முதுகு காட்டியபடி சுவரில் ஏறினான். இறங்கிய வலது தோள், சுருண்ட முடி, அவனுக்கு முன்னால் பால் நிறத்தில் விடிகிற ஆறு. போகிறானா வந்து சேர்கிறானா என்று சொல்ல முடியாது. எழுதி முடித்த அன்று லோட்டி நெடுநேரம் பார்த்தாள். "அவர்தான்" என்றாள். பிறகு ஜாடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்டில் படம் திறந்துவைக்கப்பட்டது. எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்து இசைக்குழு வாசித்தது. மூன்றாம் நாள் வம்பு வந்தது. நகர அழகுச் சங்கத்தின் தலைவி கார்னிலியா வேட் அம்மாள் ஒரு மனுவோடு அஞ்சலதிகாரி டிஸ்டேலின் முன்னால் வந்து நின்றார்.

"சர்க்கார் கட்டடத்துல, நட்ட நடுவுல, கையெல்லாம் தெரிய நிக்கிறவ யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, மிஸ்டர் டிஸ்டேல்? சலவைக்காரி. புருஷன் விட்டுட்டுப் போனவ. எங்க ஊருக்கு இவதான் முகமா? அந்த மூஞ்சிய மாத்தி எழுதச் சொல்லுங்க."

டிஸ்டேல் நல்ல மனுஷர், ஆனால் சண்டைக்குப் பயந்தவர். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். விஷயம் மதியத்துக்குள் சலவைக்கூடத்தை எட்டியது. லோட்டி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மாத்தச் சொல்லிடு பிரைடி. நான் கேட்டா நின்னேன்? வேற மூஞ்சி வைக்கட்டும். அவங்க சொல்றதுல என்ன தப்பு, நான் யாரு?"

பிரைடி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நேரே அஞ்சலகத்துக்கு நடந்தாள். தபால்தலை வாங்க நீண்ட வரிசை நின்றது. எல்லாருக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"லோட்டியாம்ல லோட்டி! யார்யா சொன்னது அது லோட்டின்னு? அந்த முழங்கையப் பாருங்க. என் முழங்கை அது. இந்தாங்க, பக்கத்துல வச்சுப் பாத்துக்குங்க!" கையை மடித்து உயர்த்திக் காட்டினாள்.

வரிசையில் நின்ற ஆல்மா ஷ்ரோடர், பழைய ஆலையில் அட்டையில் பொத்தான் தைத்தவள், ஒரு கணம் சுவரைப் பார்த்தாள். "முழங்கை உனக்கா? இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கழுத்து என்னோடது. குனிஞ்சு குனிஞ்சு அப்படித்தானே ஆச்சு."

"ரெண்டு பேரும் போங்கடி," என்றாள் பின்னால் நின்ற இன்னொருத்தி. "அந்த விரல்ல வெட்டுத் தழும்பு இருக்கு பாருங்க. இருபத்தாறாம் வருஷம் ஆலையில எனக்குப் பட்டது அது."

விரலில் தழும்பே இல்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த வாரத்துக்குள் பதினேழு பெண்கள் அது தாங்கள்தான் என்றார்கள். சிலர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். விளையாட்டாகத் தொடங்கியது விளையாட்டாகவும் நிற்கவில்லை. தலையில் துணி கட்டிய ஒரு கிழவி சுவருக்கு முன்னால் கைகளை ஏப்ரனில் துடைத்துவிட்டு அழுதுகொண்டே போனதை டிஸ்டேல் பார்த்தார். அடுத்த முறை வேட் அம்மாள் வந்தபோது அவர் சாந்தமாகச் சொன்னார்: "எந்த மூஞ்சிய அழிக்கிறதுன்னு எனக்குத் தெரியலையேம்மா. பதினேழு பேர் தன்னோடதுன்னு கேட்டு வந்திருக்காங்க." மனு மேசை இழுப்பறைக்குள் போனது. அதன் பிறகு அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. டோர்ன் ரயிலேறி அடுத்த ஊருக்குப் போனார்.

மறு வருஷம் மார்ச் மாதத்தில் லோட்டிக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். முப்பத்திநாலாம் வருஷ இலையுதிர் காலத்தில், பழம் பறிக்கிறவர்களின் கூடாரத்தில், விஷக்காய்ச்சலில் எமில் போய்விட்டான். பெயர் தப்பாகப் பதிந்திருந்ததாம்; பழைய பெட்டி ஒன்றில் அவனுடைய காகிதங்கள் இப்போதுதான் கிடைத்தனவாம். அமைதியாகத்தான் போனார் என்றும், ஆற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்றும் எழுதியிருந்தாள்.

லோட்டி அதைச் சமையலறையில் இரண்டு தடவை படித்தாள். பிரைடி அவள் பின்னால் வந்து தோளில் கை வைத்தாள்.

"அப்ப ஓடிப்போகல," என்றாள் லோட்டி.

"ஓடிப்போகலடி. நான் எப்பவாச்சும் அப்படிச் சொன்னேனா?"

"நீ சொல்லல. நான் நெனச்சேன்." அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது, இருவரும் கவனிக்கவில்லை.

அவள் கறுப்பு உடுத்தவில்லை. ஊரில் அதற்கும் பேசினார்கள். சலவைக்கூடத்தில் எப்போதும் போல நின்றாள். ஆனால் கூப்பிட்டால் இப்போது சட்டென்று திரும்பினாள். அது எல்லாருக்கும் தெரிந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயிலிலிருந்து திரும்பும் வழியில், "பிரைடி, நான் ஆத்துல போனதே இல்ல, தெரியுமா?" என்றாள்.

"பொய் சொல்லாதே. சிப்பிக்காரன் பொண்டாட்டி நீ!"

"கரையோட சரி. படகுல பொம்பள ஏறுனா சிப்பி வாய் தெறக்காதும்பார். நானும் நம்பிட்டேன்."

படித்துறையில் ஒருவரிடம் படகு இரவல் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. துடுப்பு போடத் தெரியாமல் படகு ஒரே இடத்தில் சுற்றியது. பிரைடி, "ஏசுவே, மரியே, லோட்டி, கரை எந்தப் பக்கம்டி?" என்று கத்தினாள். லோட்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, படகைத் தண்ணீர் போகிற போக்கில் விட்டாள். இரண்டு பக்கமும் வில்லோ மரங்கள் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன. ஊர், கோபுரம், ஆலையின் குளிர்ந்த புகைக்கூண்டு எல்லாம் ஒவ்வொன்றாக வளைவுக்குப் பின்னால் போயின. அவள் கையைத் தண்ணீரில் விட்டாள். அவள் நினைத்ததைவிட அது வெதுவெதுப்பாக இருந்தது.